ஹார்ஸ்பியின் மூன்றாவது சிம்பொனியும் என் கையெழுத்தும்

வளைகுடாவில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த வானொலி நிலையத்தின் ஒலிநாடா அறையில் இப்போது குடிதண்ணீர்க் கேன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாட்டுகளைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொள்கிறது. போன மாதம் பழைய ஆட்கள் சிலர் கராமாவில் ஓர் ஓட்டலில் கூடினோம். இப்போது அங்கே ஒலிப்பதிவாளராக இருக்கும் மதுரைக்காரர் பிரகாஷும் வந்திருந்தார். "என்ன பாய், நீங்களும் அந்த வெள்ளைக்காரரும் கெடைக்காத மியூசிக்க வருஷக்கணக்கா தேடுனீங்களாம்ல? இப்பன்னா போன்ல ரெண்டு நிமிஷம். நம்ம சங்க மலருக்கு அதப் பத்தி எழுதிக் குடுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போனில் கிடைக்காதது எது, ஏன் கிடைக்காது என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

எனக்கு ஊர் கீழக்கரை. தட்டச்சு தெரியும், ஆங்கிலத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவேன் என்ற இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு, ஆங்கில ஒலிபரப்பின் நாடா அறைக்கு எழுத்தராக வந்தேன். மூன்று வாரம் பயிற்சி. நாடாவை இயந்திரத்தில் மாட்டுவது, பிளேடால் சாய்வாக வெட்டுவது, ஒட்டுவது, அட்டை எழுதுவது. இசையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. சிம்பொனி என்றால் எண்பது, நூறு பேர் சேர்ந்து அரை மணி, முக்கால் மணி நேரம் வாசிப்பது என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். எப்போது முடியும் என்பது அட்டையில் இருக்கும். அது போதுமானதாக இருந்தது.

லண்டனில் உள்ள ஒரு நிறுவனம் அங்கே நடந்த கச்சேரிகளை நாடாவில் பதிந்து எங்களைப் போன்ற வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பும். எந்தத் தேதிவரை ஒலிபரப்பலாம் என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கெடு உண்டு. கெடு முடிந்த முப்பது நாளுக்குள் நாடாவை அழித்துவிட வேண்டும். அழித்ததற்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அதற்கும் ஒரு முறை இருந்தது. முதலில் நாடாவின் தொடக்கத்தையும் முடிவையும் ஓடவிட்டு, பெட்டிமேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பிறகு சுருளின் குறுக்கே நான்கு இடத்தில் பிளேடால் ஆழமாகக் கீறி, உதிர்ந்த நாடாவைக் குப்பைப் பையில் கட்ட வேண்டும். கடைசியாக மூன்று பிரதிகளில் தலைப்பு, இசையமைத்தவர் பெயர், ஓடும் நேரம், அழித்த தேதி, கையெழுத்து. மூன்றும் லண்டனுக்கே போய்விடும்.

நான் இதில் கில்லாடி. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஐதராபாத்காரர் சான்றிதழ்களைத் தாமதமாக அனுப்புகிறார் என்று லண்டனிலிருந்து புகார் வந்தது. ஒரே வாரத்தில் கலாஸ், முடிந்தது என்று சொல்லி விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வருடம்தான் எனக்குக் குடும்ப விசா கிடைத்து என் மனைவி ஜொகரா வந்து சேர்ந்திருந்தாள். முப்பது நாள் கெடு என்றால் நான் மூன்றாம் நாளே முடித்துவிடுவேன். ஒரு சான்றிதழ்கூடப் பாக்கி இல்லை என்று லண்டனிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டி வைத்திருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

இன்னொரு வழக்கமும் உண்டு. அறிவிப்பாளர் கச்சேரியை அறிமுகம் செய்யும்போது அவர் குரலுக்குப் பின்னால் அரங்கத்தின் சத்தம் லேசாக இருக்க வேண்டும். ஜனங்கள் உட்காருவது, நாற்காலி நகருவது, ஓர் இருமல். இல்லாவிட்டால் மூடிய அறைக்குள் பேசுவதுபோல் இருக்கும். அதற்காக, அழிக்கப்போகும் நாடாக்களின் தொடக்கத்தில் வாசிப்பு ஆரம்பிக்கும் முன் இருக்கும் அந்த அமைதியை மட்டும் வெட்டி எடுத்துச் சின்னச் சுருளாக வைத்துக்கொள்வோம். இசை இல்லை என்பதால் அது விதிக்குள் வராது. எந்த நாடாவிலிருந்து வெட்டியது என்று சுருளின் முனையில் ஒட்டும் வெள்ளைத் துண்டில் பென்சிலால் குறித்து வைப்பேன். யாரும் குறிக்கச் சொல்லவில்லை. என் புத்தி அப்படி.

நான் சேர்ந்து ஏழாவது வருடம் மிஸ்டர் கிளேட்டன் இசைப் பிரிவுக்கு மேலதிகாரியாக வந்தார். ஒல்லியான மனிதர். ஜூன் மாத வெயிலிலும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வருவார். பேனாவைத் தொடமாட்டார், எல்லாம் பென்சில்தான். என்னை ஒரு நாள்கூட வெறும் காதர் என்று கூப்பிட்டதில்லை. மிஸ்டர் காதர் என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். "அப்படியா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார். அவர் சீவி முடிக்கும்வரை எதிரில் நிற்பது பெரிய தண்டனை.

அவரிடம் கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. பிரிட்டனில் எழுதப்பட்டு, ஒருமுறையோ இருமுறையோ வாசிக்கப்பட்டு, இசைத்தட்டாக எந்தக் கம்பெனியும் வெளியிடாமல் விட்ட சிம்பொனிகளின் பட்டியல் அது. "தட்டு வந்துவிட்டால் அந்த இசைக்கு என்னைப் போன்றவன் தேவையில்லை. வராதவற்றுக்கு வேறு ஆள் இல்லை, மிஸ்டர் காதர்" என்பார். அலுவலக வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் நான் அவருக்காகத் தட்டச்சு செய்வேன். முதலில் இசையமைத்தவரின் குடும்பத்துக்கு ஒரு கடிதம். பிறகு இசைத்தாள்களை வாடகைக்குக் கொடுத்த பதிப்பாளருக்கு. பிறகு வாசித்த குழுவின் நூலகத்துக்கு. கடைசியாக, எங்களைப் போன்ற வெளிநாட்டு நிலையங்களின் நாடா அறை எழுத்தர்களுக்கு. இந்தக் கடைசிக் கடிதத்தை அவர் மிகவும் யோசித்து எழுதுவார். "அழித்துவிட்டீர்களா?" என்று கேட்கவே மாட்டார். "தவறுதலாக எங்கேனும் தங்கியிருக்க வாய்ப்புண்டா?" என்றுதான் கேட்பார்.

பல நாடாக்கள் தவறுதலாகத் தங்கியிருந்தன. நைரோபியில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர், ரேடியோவுக்கு முன்னால் மைக் வைத்துப் பதிந்த ஒரு சிம்பொனி வந்தது. மெதுவான பகுதியில் அவர் வீட்டு நாய் இரண்டு முறை குரைக்கும். கிளேட்டன் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, நானும் எப்போதோ அந்தப் பைத்தியத்தில் விழுந்துவிட்டேன். ஒரு பெட்டி தபாலில் வந்திருக்கிறது என்றால் விடுமுறை நாளிலும் நிலையத்துக்கு ஓடுவேன். ஜொகரா, "ஏங்க, உங்களுக்குப் புள்ள பொறந்தப்பக்கூட இப்புடி ஓடலயே" என்பாள்.

பட்டியலில் முதலில் எழுதியிருந்த பெயர் எட்வின் ஹார்ஸ்பி. அவருடைய மூன்றாவது சிம்பொனி அவர் வயதான காலத்தில் ஒரே ஒருமுறை அரங்கேறியது. இசைத்தாள்கள் ஒரே ஒரு தொகுதி, கையெழுத்துப் பிரதி. பதிப்பகம் மூடப்பட்டபோது கிடங்குக் கூரை ஒழுகி எல்லாம் கூழாகிவிட்டது. லண்டனில் மூல நாடாவும் இல்லை. அவருடைய மகள் மிஸ் ஹார்ஸ்பி, பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கிளேட்டனுக்கு எழுதிய பதிலை நான்தான் பிரித்துப் படித்தேன். வீட்டை விற்பது பற்றி அப்பாவோடு சண்டை, அதனால் அன்று கச்சேரிக்குப் போகவில்லை, எப்படியும் இன்னொரு முறை வாசிப்பார்கள், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார். அப்பா அடுத்த குளிர்காலத்தில் இறந்துவிட்டாராம். "எங்கே இருந்தாலும் எனக்கு ஒரு முறை கேட்டால் போதும்" என்று முடித்திருந்தார்.

பதினொரு வருடம் தேடினோம். பிறகு ஒரு நாள், கிளேட்டன் கெஞ்சிக் கேட்டதற்கு இரங்கி, லண்டன் நிறுவனத்தின் ஆவணக் காப்பாளர் ஒரு கவர் அனுப்பினார். ஹார்ஸ்பியின் மூன்றாவது சிம்பொனி ஏழு வெளிநாட்டு நிலையங்களுக்குப் போயிருக்கிறது என்ற கடிதம். கூடவே ஏழு நிலையங்களிலிருந்தும் வந்த அழிப்புச் சான்றிதழ்களின் நகல்கள். தபாலைப் பிரிப்பது என் வேலை. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஏழாவது தாளில் என் கையெழுத்து.

கிளேட்டன் வருவதற்கு மூன்று வருடம் முன்பு நான் போட்டது. முப்பது நாள் கெடுவில் மூன்றாம் நாள். ஓடும் நேரம் என்ற கட்டத்தில் வினாடிவரை எழுதியிருந்தேன். எனக்கு அந்தப் பெயர் ஞாபகமே இல்லை. பதினொரு வருடமாக அந்தப் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறேன், ஒரு தடவைகூட மனதில் தட்டவில்லை. அன்றைக்கு அது எனக்கு மற்றொரு பெட்டி, அவ்வளவுதான். என்ன செய்தேன் தெரியுமா? ஆறு தாள்களைக் கிளேட்டன் மேசையில் வைத்தேன். ஏழாவதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். உற்சாகமாகிவிட்டார். "கையெழுத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மிஸ்டர் காதர். எழுத்தர்கள் பொய் சொல்வார்கள். அதனால்தான் நம்மிடம் இத்தனை இருக்கின்றன" என்றார். ஆறு இடங்களுக்கும் புதிதாகக் கடிதம் போட்டோம். ஐந்து இடங்களிலிருந்து இல்லை என்று வந்தது. மிச்சம் ஒன்று, தோஹாவில் ஒரு காலத்தில் நாடா அறை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் சிவபாலன். அப்போது அவர் தொழில்பேட்டையில் ஓர் ஒர்க்ஷாப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். இருவரும் நேரிலேயே போனோம். ஏ.சி. இல்லாத தகரக் கொட்டகை. டயர்களுக்குப் பின்னால் மூன்று அலமாரி நிறைய நாடாப் பெட்டிகள். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"எல்லாத்துக்கும் சான்றிதழ் அனுப்பினீங்கதானே?" என்று கேட்டேன்.

"அனுப்பினனான்தான். கையெழுத்துக் கேட்டவங்கள், போட்டுக் குடுத்தன். வெட்டினனோ இல்லையோ எண்டு ஆர் வந்து பாத்தது? நூறு பேர் மூச்சுப்பிடிச்சு வாசிச்சத வெட்ட எனக்கு மனம் வரேல்லத் தம்பி. நீர் வெட்டினனீரோ?"

நான் அலமாரிப் பக்கம் திரும்பி, பெட்டிகள்மேல் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன். கிளேட்டனுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

ஹார்ஸ்பி பெட்டி அங்கே இருந்திருக்கிறது. "இந்தச் சூட்டில ஒட்டிப்போச்சுது. சுத்தினா மண்ணு மாதிரி உதிருது. போன வருசம்தான் எறிஞ்சனான்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கிளேட்டன் அலமாரியில் அது இருந்த காலி இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். மற்ற பெட்டிகளிலிருந்து பட்டியலில் இருந்த நான்கு சிம்பொனிகள் எங்களுக்குக் கிடைத்தன. பொய்க் கையெழுத்துப் போட்டவர் நான்கு சிம்பொனிகளைக் காப்பாற்றியிருக்கிறார். பாராட்டுக் கடிதம் வாங்கியவன் எத்தனையை வெட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த வாரம் கிளேட்டன் ஆவணக் காப்பாளரின் கடிதத்தை மறுபடி படித்திருக்கிறார். "ஏழு என்று எழுதியிருக்கிறார். நம்மிடம் ஆறுதான் இருக்கிறது" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு, நான்கு மாதமாகப் பர்ஸில் வைத்திருந்த தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

அவர் படித்தார். "அப்படியா" என்றார். பென்சிலை எடுத்தார். சீவவில்லை, கீழே வைத்துவிட்டார்.

"விதிப்படி கேட்டிருப்பீர்களே. தொடக்கமும் முடிவும்."

"கேட்டிருப்பேன் சார்."

"எப்படி இருந்தது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதைக் கேட்டது நிச்சயம் என்று எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான் என்றார். தொடக்கம் உரத்ததா, மெல்லியதா? எந்த வாத்தியம் முதலில்? முடியும்போது எல்லோரும் சேர்ந்தா, ஒருவர் மட்டுமா? நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். ஒன்றுமே இல்லை. "முணுமுணுத்துக் காட்டுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை" என்றார். ஐம்பது வயதில், ஆபீஸ் அறையில், மேலதிகாரிக்கு முன்னால் வாயைத் திறந்து முணுமுணுத்தேன். அவர் அவசரமாகக் கோடு போட்ட தாளில் குறித்துக்கொண்டார். நான்கு வரி எழுதியபின் கை நின்றது. "இது நைரோபி நாடா, மிஸ்டர் காதர். நாய் குரைக்கும் இடம்" என்றார், மிகவும் மெதுவாக. நான் குழந்தைபோல் அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள்தான் அந்தச் சின்னச் சுருள்கள் ஞாபகத்துக்கு வந்தன. அரங்க அமைதி என்று எழுதிய பிஸ்கட் டப்பாவை மேசையில் கொட்டி ஒவ்வொரு வெள்ளைத் துண்டாகப் பார்த்தேன். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, என் பென்சில் எழுத்தில்: ஹார்ஸ்பி 3. நாற்பது வினாடி. கிளேட்டனைக் கூப்பிட்டு ஓடவிட்டேன். ஜனங்கள் அடங்குகிறார்கள். யாரோ இருமுகிறார். ஒரு நாற்காலி முனகுகிறது. பிறகு முழு அமைதி. கடைசியில் பல பேர் சேர்ந்து மூச்சை இழுக்கும் சத்தம், ஊதப்போகிறவர்கள் இழுக்கும் மூச்சு. அங்கே என் பிளேடு வெட்டியிருந்தது. மிகச் சுத்தமான வெட்டு.

"ஊது வாத்தியங்களில் தொடங்குகிறது. அந்த அளவுக்குத் தெரிந்துவிட்டது" என்றார் கிளேட்டன். நோட்டில் அதைக் குறித்துக்கொண்டார். மிஸ் ஹார்ஸ்பிக்கு இதைச் சொல்ல வேண்டாம், இன்னும் தேடுகிறோம் என்றே இருக்கட்டும் என்றார். இரண்டு வருடத்தில் ஓய்வுபெற்று இங்கிலாந்து போய்விட்டார். என்னைப் பற்றி அவர் யாரிடமும் புகார் செய்யவில்லை. அந்தப் பாராட்டுக் கடிதத்தை நான் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

கிளேட்டன் போன வருடம் இறந்தார். இரண்டு வாரம் முன்பு, அவர் குடும்பத்தார் மூலம் அவர் காகிதங்களில் என் முகவரியைக் கண்டுபிடித்து மிஸ் ஹார்ஸ்பி எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இப்போது அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. "மிஸ்டர் கிளேட்டன் போய்விட்டார். தேடல் என்ன ஆயிற்று என்று நீங்களாவது சொல்ல முடியுமா?" ஜொகராவிடம் படித்துக் காட்டினேன். "மௌத்தாப் போற வயசுல இருக்கிற அம்மா. உள்ளதச் சொல்லிருங்களேன்" என்றாள். சொல்லத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. என்னிடம் கம்ப்யூட்டரில் இருந்த அந்த நாற்பது வினாடியை இணைத்து, "உங்கள் தந்தையின் சிம்பொனி அன்று தொடங்கியபோது பதிந்தது. எங்களுக்குக் கிடைத்தது" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இவ்வளவுதான் கிடைத்தது என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் தைரியம் இல்லை.

மறுநாளே பதில் வந்தது.

"மிகத் தெளிவாகக் கேட்கிறது. இருமுவது யாரென்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் அங்கே உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. நன்றி, நன்றி. மீதியை எப்போது அனுப்புவீர்கள்? மொத்தம் எத்தனை நிமிடம் ஓடும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். என்னைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அந்த நேரம் வெளியே அனுப்பிவிடுவேன். நடுவில் யாரும் பேசக்கூடாது."

நான்கு நாள் சும்மா இருந்தேன். எத்தனை நிமிடம் என்பது எனக்குத் தெரியும். அது எழுதியிருப்பது ஒரே இடத்தில்தான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, அந்த ஏழாவது தாளை எடுத்து மடிப்புகளை நீவி ஸ்கேன் செய்தேன். தலைப்பு, இசையமைத்தவர் பெயர், ஓடும் நேரம் முப்பத்தெட்டு நிமிடம் இருபது வினாடி, அழிக்கப்பட்டது, என் கையெழுத்து. எல்லாம் நன்றாகத் தெரிகிறது. மன்னிப்பு என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன். தாளை மட்டும் அனுப்பினேன்.

இன்று வியாழக்கிழமை. அந்த அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.